சி.சி.என்.ஏ. பூட்கேம்ப் போனவர்களே, வகுப்பில் உண்மையில் என்ன நடந்தது?

சேலத்து அண்ணன்:

என் தம்பி இ.சி.இ. முடித்துவிட்டு சென்னையில் அறை எடுத்து வேலை தேடிக்கொண்டிருக்கிறான். சிஸ்கோ கம்பெனியின் நெட்வொர்க் சான்றிதழ்த் தேர்வான சி.சி.என்.ஏ. எழுதுவது என்று முடிவாகிவிட்டது, எங்கே படிப்பது என்பதில்தான் இழுபறி. ஒரு சென்டரில் 5 நாளில் முடித்துத் தருகிறோம் என்கிறார்கள். இன்னொன்றில் சனி, ஞாயிறு மட்டும், இரண்டு மாதம். மூன்றாவது இடத்தில் வாசலிலேயே "100% பாஸ் கேரண்டி" என்று ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். கட்டணமும் இடத்துக்கு ஒன்று. எங்கே படித்தாலும் மாறாதது தேர்வுக் கட்டணம் மட்டும்தான்: 300 டாலர், அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 30 ஆயிரம் ரூபாய்க்கு மேல். ஃபெயிலானால் அது போனதுதான், மறுபடி முழுசாகக் கட்ட வேண்டும்.

எந்த சென்டர் நல்லது என்று பெயர் சொல்ல வேண்டாம், அது விளம்பரத்தில் போய் நிற்கும். நீங்கள் உட்கார்ந்த வகுப்பில் என்ன நடந்தது என்று மட்டும் எழுதுங்கள்.

வேளச்சேரி நைட் ஷிஃப்ட்:

அண்ணே, நான் என்.ஓ.சி.யில், அதாவது நெட்வொர்க்கை இரவுபகலாகக் கண்காணிக்கும் இடத்தில், எல்1 (முதல் நிலை) ஆள். வார இறுதி பேட்ச் ஒன்றில் படித்தேன். டெமோ வகுப்பு எடுத்தவரைப் பார்த்துத்தான் பணம் கட்டினேன், மனுஷன் பிரமாதமாகப் பேசினார். பேட்ச் ஆரம்பித்த அன்று வந்தவர் வேறு ஆள். போன வருஷம் அதே சென்டரில் படித்தவராம். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, நன்றாகத்தான் ஸ்லைடு வாசித்தார்.

லேப்தான் கூத்து. பாக்கெட் டிரேசர் என்று ஒரு சாஃப்ட்வேர், கணினியிலேயே நெட்வொர்க் கட்டிப் பார்க்கலாம்; அதில் செய்த ஃபைல் ஒன்றை எல்லோருக்கும் அனுப்புவார்கள். திரையில் அவர் அடிக்கும் கமாண்டை நாங்களும் அடிப்போம். பிங் (மறுபக்கத்திலிருந்து பதில் வருகிறதா என்ற சோதனை) போகும், எல்லோரும் சிரிப்போம், அடுத்த பாடம். ஒருநாள் என் மிஷினில் மட்டும், ரவுட்டர்கள் தங்களுக்குள் வழியைப் பரிமாறிக்கொள்ளும் ஓ.எஸ்.பி.எஃப். எழும்பவில்லை. நெய்பர் (பக்கத்து ரவுட்டர்) பட்டியலைக் கேட்டால் வெறுமையாக வருகிறது. அவரைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார், இரண்டு முறை ரீலோட் செய்தார், "இந்த ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு, புதுசா ஒண்ணு தர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பழைய ஃபைலை நான் அழிக்காமல் வைத்திருந்தேன். அன்று ராத்திரி ரூமில் இரண்டு ரவுட்டரிலும் இன்டர்ஃபேஸ் விவரத்தை எடுத்து வரிக்கு வரி ஒப்பிட்டேன். ஒரு பக்கம் ஹலோ டைமர் (பக்கத்து ரவுட்டருக்குச் செய்தி அனுப்பும் இடைவெளி) 10 வினாடி, மறுபக்கம் 5. அது ஒத்துப்போகாவிட்டால் இரண்டும் நெய்பர் ஆகாது. ஃபைலில் ஒரு கோளாறும் இல்லை. அந்த மொத்தக் கோர்ஸில் எனக்கு மிச்சமானது அந்த ஒரு ராத்திரிதான் என்று இப்போதும் நண்பர்களிடம் சொல்வேன்.

என் ரூம்மேட் வேறு சென்டரில் படித்தான். சின்ன இடம், ஏ.சி. கூட ஒழுங்காக ஓடாது. அங்கே சார் வகுப்புக்கு முன்பே வந்து ஓடிக்கொண்டிருக்கும் லேபில் எதையாவது ஒன்றை உடைத்து வைத்துவிடுவாராம். ஒருநாள் இரண்டு ஸ்விட்சுக்கு நடுவே டிரங்க், அதாவது பல வீலேனை ஒரே கேபிளில் கொண்டுபோகும் இணைப்பு. வீலேன் (ஸ்விட்சுக்குள் பிரித்து வைத்த தனித்தனி நெட்வொர்க்) 10, 20 இரண்டும் போய்க்கொண்டிருக்கின்றன. புதிதாக 30-ஐச் சேர்க்கச் சொன்னார். பையன்கள் "ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலவ்டு வீலேன் 30" என்று அடித்தார்கள். நடுவில் "ஆட்" போடாததால் பழைய பட்டியல் அழிந்து 30 மட்டும் நின்றது, மற்ற இரண்டும் செத்துப்போயின. சார் வாயைத் திறக்கவில்லையாம். அரை மணி நேரம் அவர்களே தேடித் தவித்த பிறகுதான் டிரங்க் விவரத்தைப் பார்க்கச் சொன்னார். பின்னாளில் எங்கள் ஷிஃப்டிலேயே "ஒரு மாடிக்கு மட்டும் நெட்வொர்க் இல்லை" என்று டிக்கெட் வந்தபோது முதலில் காரணத்தைச் சொன்னவன் அவன்தான், நானில்லை.

அதனால் டெமோ வகுப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பேட்சில் ஒரு லேப் நேரம் தம்பியைப் பின்வரிசையில் உட்காரவைக்கச் சொல்லிக் கேளுங்கள். யாருக்காவது ஏதாவது வேலை செய்யாமல் போகும், கட்டாயம் போகும். அப்போது சொல்லித்தருபவர் என்ன செய்கிறார் என்று பார்த்தால் போதும்.

முன்னாள் பயிற்றுநர்:

மேலே எழுதிய தம்பி சொன்னது சரி. நான் மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன், சில வருடம் பாடம் எடுத்தவன்.

5 நாள் கோர்ஸ் ஏமாற்று வேலை கிடையாது. சிஸ்கோவின் சொந்த சி.சி.என்.ஏ. கோர்ஸே 5 நாள் வகுப்பு, அதோடு 3 நாள் அளவுக்குத் தானாகப் படிக்க வேண்டிய பாடம் என்ற கணக்கில்தான் அமைந்திருக்கிறது. ஆனால் தேர்வுக்கு வருபவருக்கு ஒரு வருடமாவது சிஸ்கோ கருவிகளோடு வேலை செய்த அனுபவம் இருந்தால் நல்லது என்றும் அவர்களே சொல்கிறார்கள். இதை எந்த சென்டரும் நோட்டீஸில் அச்சடிப்பதில்லை. கல்லூரிகளில் நடக்கும் சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமியில் இதே சி.சி.என்.ஏ. மூன்று கோர்ஸாக ஓடுகிறது, ஒவ்வொன்றும் சுமார் 70 மணி நேரம். ஆக 210 மணி நேரப் பாடத்தை 40 மணி நேரத்தில் கேட்கப்போகிறோம். ஏற்கெனவே கேபிள் இழுத்தவன், ஸ்விட்ச் தொட்டவன் அதைத் தாங்குவான்.

என் பேட்சில் முதல் நாள் காலையில் ஒரே ஒரு கணக்குக் கொடுப்பேன். 192.168.10.0 நெட்வொர்க்கை /26 ஆக, அதாவது 64 முகவரி கொண்ட சப்நெட்டுகளாக (துண்டுகளாக) பிரி, மூன்றாவது சப்நெட்டில் கருவிக்குக் கொடுக்கக்கூடிய முதல் முகவரியும், எல்லோருக்கும் போகும் பிராட்காஸ்ட் முகவரியும் சொல். 129, 191 என்று தாளில் போட்டுக் காட்டுபவர்களுக்கு அந்த வாரம் நன்றாகப் போகும். விழிப்பவர்களிடம் மதியமே தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன், அடுத்த மாத பேட்சுக்கு மாறிக்கொள்ளுங்கள், அதுவரை இதை மட்டும் போட்டுப் பாருங்கள் என்று. நிர்வாகத்துக்கு இது பிடிக்காது. நான் அங்கே நீடிக்காததற்கு அதுவும் ஒரு காரணம். மூன்றாம் நாள் ரவுட்டிங் வரும், தேர்வில் அது அடங்கிய ஐ.பி. கனெக்டிவிட்டிப் பகுதிக்கு மட்டும் 25 சதவீதம். அங்கே வந்து நின்றுகொண்டு சப்நெட் மாஸ்க் என்றால் என்ன என்று கேட்டால் யாராலும் காப்பாற்ற முடியாது.

உங்கள் தம்பி ஃபிரெஷர் என்றால் அந்த 5 நாள் கோர்ஸை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

ஓ.எம்.ஆர். பையன்:

பாஸ் கேரண்டி பற்றி. நான் போன இடத்தில் கடைசி வாரம் ஒரு பி.டி.எஃப். கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அதுதான் கேரண்டி. டம்ப், அதாவது கசிந்த தேர்வுக் கேள்விகளை வைத்து எழுதியது தெரிந்தால் சிஸ்கோ சான்றிதழையே ரத்து செய்யும், தடையும் விழும். தவிர, லேப் கேள்வியில் பி.டி.எஃப். உதவாது, கமாண்ட் அடிக்கத்தான் வேண்டும். ரசீதின் பின்பக்கம் படித்தால் ஃபெயிலானவருக்கு "மறுபடி வகுப்பில் உட்கார அனுமதி" என்றுதான் இருக்கும். தேர்வுப் பணம் திரும்ப வராது.

யாழ்ப்பாணத்தான்:

வணக்கம். எங்கட பக்கத்துக் கதையையும் எழுதுகிறேன், உதவும்.

2022 தொடக்கத்தில் கொழும்பு நிறுவனம் ஒன்றில் ஒன்லைன் வகுப்பில் சேர்ந்தேன், தேர்வுக் கட்டணமும் சேர்த்து ஒரே தொகை என்றார்கள். அப்போது டாலர் சுமார் 200 ரூபாய். 300 டாலர் என்றால் 60 ஆயிரம். மே மாதம் வரும்போது டாலர் 360ஐத் தொட்டுவிட்டது, அதே தேர்வு ஒரு லட்சத்தைத் தாண்டியது. நிறுவனம் வித்தியாசத்தைக் கட்டச் சொன்னது. "சேர்த்து" என்று வாயால் சொன்னதை நம்பியவர்கள் கட்டினார்கள். மின்னஞ்சலில் எழுதி வாங்கி வைத்திருந்த ஒருவர் மட்டும் அதைக் காட்டித் தப்பினார்.

இன்னொன்று. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டு. வகுப்பு நடக்கிற நேரம் எங்கட ஏரியாவில் இருட்டு. பதிவு செய்த வகுப்பைப் பிறகு பார்க்கலாம், அது பரவாயில்லை. லேப் சேர்வர்தான் பிரச்சினை. அதை வகுப்பு நேரத்தில் மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். கரண்ட் வருகிற நடுச்சாமத்தில் உள்ளே போக முடியாது. கடைசியில் பாக்கெட் டிரேசரில் நானாகவே கட்டிப் பழகினேன், லாப்டொப் பற்றரி இருக்கும்வரை. இந்தியாவில் அவ்வளவு மோசமான வெட்டு இருக்காது, ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கும் இதே சிக்கல்தான். ரிமோட் லேப் தருகிறோம் என்றால் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, கோர்ஸ் முடிந்த பிறகு எத்தனை நாள் என்று கேளுங்கோ.

மடிப்பாக்கம் அக்கா:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். குழந்தை பிறந்து வேலையை விட்டு, பல வருடம் கழித்து இந்தப் பக்கம் வந்தவள் நான். கோர்ஸ் இல்லாமலேயே பாதி தூரம் வந்துவிடலாம். பாக்கெட் டிரேசர் இலவசம், அகாடமி தளத்தில் கணக்குத் தொடங்கினால் இறக்கிக்கொள்ளலாம். ஜெரமீஸ் ஐடி லேப் என்று யூடியூபில் சி.சி.என்.ஏ. முழுக்க இலவசமாக இருக்கிறது, லேபோடு. பையன் தூங்கிய பிறகு தினமும் ஒரு வீடியோ பார்ப்பேன். ஆங்கில உச்சரிப்பு ஆரம்பத்தில் கஷ்டம், பிறகு பழகிவிடும்.

அப்புறம் ஏன் பணம் கட்டினேன் என்றால், கேள்வி கேட்க ஆள் வேண்டியிருந்தது. ஸ்விட்சுகளுக்குள் சுற்று உண்டாகாமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயில் எந்த போர்ட் ஏன் பிளாக் ஆகிறது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாலும் அது திரும்பத் திரும்ப அதையேதான் சொல்கிறது! அதனால் முழுக் கோர்ஸில் சேராமல், லேப் நேரத்துக்கு மட்டும் கட்டணம் வாங்க முடியுமா என்று இரண்டு மூன்று இடங்களில் கேட்டேன். ஒருவர் ஒத்துக்கொண்டார். என் குழப்பத்தையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு போவேன். பலகையில் நான்கு ஸ்விட்ச் வரைந்து, ரூட் (தலைமை ஸ்விட்ச்) யார், ஏன் என்று என்னையே சொல்லவைத்தார். இப்படி யாரும் விளம்பரம் செய்வதில்லை, கேட்டால் கிடைக்கும்.

ஆசைக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய சிஸ்கோ 2960 ஸ்விட்ச் ஒன்றும் வாங்கினேன். ஸ்விட்சைக் கணினியோடு இணைக்கும் கன்சோல் கேபிளைச் செருகிவிட்டு எந்த காம் போர்ட் என்று தேடுவதும், புட்டி என்ற சாஃப்ட்வேரில் வேகத்தை 9600 என்று வைக்காமல் திரையில் குப்பையாக எழுத்து வருவதைப் பார்த்து முழிப்பதும் பாக்கெட் டிரேசரில் கிடைக்காத பாடம். தேர்வுக்கு அது தேவையா என்றால் இல்லை. சத்தம் வேறு விமானம் கிளம்புகிற மாதிரி, வீட்டில் திட்டு வாங்கினேன்.

திருச்சி டிப்ளமோ:

அண்ணா, சி.சி.என்.ஏ.க்குப் பதில் நெட்வொர்க் பிளஸ் எடுத்தால் சுலபமா? எங்கள் சென்டரில் அதைத்தான் தள்ளுகிறார்கள்.

முன்னாள் பயிற்றுநர்:

காம்ப்டியா என்ற அமைப்பின் நெட்வொர்க் பிளஸ் எந்தக் கம்பெனி கருவியையும் சாராதது. இப்போது ஓடுவது என்10-009 என்ற பதிப்பு, 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்வி. அடிப்படை தெளிவாகும், ஆனால் ரவுட்டரில் கை பழகாது. நான் பார்க்கிற சென்னை, பெங்களூரு வேலை விளம்பரங்களில் சி.சி.என்.ஏ. என்றுதான் கேட்கிறார்கள்.

சென்டர் எதைத் தள்ளினாலும் அவர்கள் கொடுக்கும் நோட்ஸை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். 2020 பிப்ரவரி 24 முதல் சி.சி.என்.ஏ. தேர்வின் எண் 200-301. 2024 ஆகஸ்ட் 20 முதல் அதன் 1.1 பதிப்பு. தானியங்கிக் கருவிகளில் பப்பெட், ஷெஃப் போய் டெராஃபார்ம் வந்துவிட்டது, செயற்கை நுண்ணறிவும் எட்டிப் பார்க்கிறது. நோட்ஸில் ஈ.ஐ.ஜி.ஆர்.பி. கான்ஃபிகரேஷனுக்கு ஒரு அத்தியாயம், ஃப்ரேம் ரிலேவுக்கு இன்னொன்று என்று இருந்தால் அது பத்து வருடப் பழசு. அட்டையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

சேலத்து அண்ணன்:

எல்லோருக்கும் நன்றி. தம்பியிடம் இதைப் படிக்கக் கொடுத்தேன். மூன்று இடத்திலும் ஓடுகிற பேட்சில் ஒரு லேப் உட்கார அனுமதி கேட்டான். கேரண்டி ஃபிளெக்ஸ்காரர்கள் "அதெல்லாம் பாலிசியில் இல்லை" என்றுவிட்டார்கள். 5 நாள் சென்டரில் அடுத்த பேட்ச் தொடங்கட்டும், அப்போது வந்து பாருங்கள் என்றார்கள். வார இறுதி இடத்தில் "சனிக்கிழமை மதியம் வாங்க, ஏ.சி.எல். லேப் இருக்கு" என்று சாதாரணமாகச் சொன்னார்களாம். போய் உட்கார்ந்து வந்தான். ஒரு பெண்ணுக்கு ஏ.சி.எல். (எந்த டிராஃபிக் போகலாம், எது கூடாது என்ற விதிப்பட்டியல்) போட்டதும் டிராஃபிக் மொத்தமும் நின்றுபோனதாம். கடைசி வரிக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத "எல்லாவற்றையும் மறு" ஒன்று எப்போதும் இருக்கிறது என்பதை அந்தப் பெண்ணே கண்டுபிடிக்கும்வரை சார் பக்கத்தில் நின்றார் என்றான். அங்கேயே சேர்க்கப்போகிறேன். சப்நெட் கணக்கு இன்று காலையிலிருந்தே போட்டுக்கொண்டிருக்கிறான்.

ஒரு சந்தேகம். அவர்களே தேர்வு வவுச்சரும் வாங்கித் தருகிறோம் என்கிறார்கள். வாங்கலாமா?

வேளச்சேரி நைட் ஷிஃப்ட்:

இப்போதே வேண்டாம் அண்ணே. வவுச்சருக்குக் காலாவதித் தேதி உண்டு. கோர்ஸ் முடிந்து, மாதிரித் தேர்வெல்லாம் எழுதிப் பார்த்த பிறகு தேர்வு நடத்தும் பியர்சன் வியூ தளத்தில் தம்பியே நேரடியாக புக் செய்யட்டும், அடையாள அட்டையில் பெயர் எப்படி இருக்கிறதோ அதே மாதிரி. அப்புறம், தேர்வு 120 நிமிடம்தான், ஒரு கேள்வியைத் தாண்டினால் திரும்பிப் போக முடியாது. ஒருவேளை ஃபெயிலாகிவிட்டால் அடுத்த முறை எழுத 5 நாள் காத்திருக்க வேண்டும். அதையும் இப்போதே சொல்லி வையுங்கள்.