தொட்டியில் சிவப்புப் புழு, ஓடையில் பச்சைப் புழு: இரண்டும் ஒன்றா?

கேள்வி (பூம்பாறை ஆசிரியை):
வீட்டுச் சிமெண்ட் தொட்டியைக் கழுவியபோது, அடிச்சேற்றில் செக்கச்செவேலென்று புழுக்கள் நெளிந்தன. ஒரு சென்டிமீட்டர் இருக்கும். மறுநாள் சோலை ஓடையில் கல்லைப் புரட்டினால், அதே உருவத்தில் இளம்பச்சைப் புழுக்கள், பாதி நீளத்தில். "பச்சை குட்டி, சிவப்பு பெரியது டீச்சர்" என்கிறாள் என் மாணவி. வீட்டிலோ கொசுப்புழு என்று பயப்படுகிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில் 1 (கோத்தகிரி):
கொசுப்புழு இல்லை அம்மா, பயம் வேண்டாம். கொசுப்புழு மூச்சு விட நீர்மட்டத்துக்கு வரும். உங்களுடையது சேற்றிலேயே கிடந்து தோலால் மூச்சு விடுகிறது. நிறத்தை விட்டுவிட்டு லென்ஸில் தலையையும் காலையும் பாருங்கள். கெட்டியான பழுப்புத் தலை, அதற்குக் கீழே ஒரு ஜோடி குட்டைப் பொய்க்கால், வால் நுனியில் இன்னொரு ஜோடி இருந்தால் கைரோனோமிட் என்ற கொசு போன்ற பூச்சிக் குடும்பத்தின் லார்வா. தலையே தெரியாவிட்டால் டியூபிஃபெக்ஸ், அதாவது மண்புழுவுக்கு உறவான சேற்றுப்புழு. சிவப்புக்குக் காரணம் ஹீமோகுளோபின். பிராணவாயு குறைந்த சேற்றில் பிழைக்க அது உதவுகிறது. வளர்ந்த கைரோனோமிட் பூச்சி கொசு மாதிரி இருந்தாலும் கடிக்காது. தொட்டிச் சேற்றை அள்ளிவிட்டு வாயை மெல்லிய வலையால் மூடுங்கள்.

ஆசிரியை:
இரண்டு ஜோடியும் இருக்கின்றன! சிவப்புப் புழுவின் வால் பக்கம், அடியில் விரல் போல நான்கு குழாய்கள். சேற்றை நூலால் ஒட்டியது போன்ற கூட்டிலிருந்து ஒன்று தலை நீட்டியது. ஓடைக் கல்லில் இன்னொன்று, வால் உப்பி ஒட்டிக்கொண்டு தலையில் விசிறி விரித்திருந்தது.

பதில் 2:
விசிறி வைத்திருப்பது கருப்பு ஈயின் லார்வா. அதன் பெண் ஈ கடிக்கும். நான்கு குழாய்கள் உள்ள சிவப்பு, கைரோனோமிட் குடும்பத்தின் கைரோனோமஸ் வகை. குளிர்ந்து வேகமாக ஓடும் நீரில் கல்லோடு வாழும் பச்சை, அதே குடும்பத்தின் ஆர்த்தோகிளாடினே என்ற வேறு துணைக்குடும்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். இனம் வரை போக, தலையைக் காரக் கரைசலில் தெளிய வைத்து, அடிப்பக்கம் மேலாகக் கண்ணாடித் தகட்டில் பதித்து, கீழ்த்தாடைப் பற்களை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். மாணவியின் கேள்வி அருமையானது. பொரித்த உடனே கைரோனோமஸ் லார்வாவுக்கும் சிவப்பு இராது, பிறகுதான் ஏறும். ஆனால் உங்கள் பச்சைப் புழு அந்தக் குட்டிப் பருவத்தைவிட மிகப் பெரியது. இரண்டையும் தனித்தனிச் சாராயக் குப்பியில் இடுங்கள். எடுத்த இடம், கல்லா சேறா, நீர் ஓடியதா நின்றதா என்று பென்சிலால் சீட்டெழுதி உள்ளேயே போடுங்கள். மை சாராயத்தில் கரைந்துவிடும். சிவப்பில் சிலவற்றைச் சேற்றோடு ஜாடியில் வளர்த்து, வாயைத் துணியால் கட்டுங்கள்.

ஆசிரியை:
பதினெட்டாம் நாள் இன்று. துணிக்கடியில் இறகு போன்ற உணர்கொம்போடு ஓர் ஆண் பூச்சி உட்கார்ந்திருக்கிறது. நீரில் கூட்டுப்புழுவின் தோல் மிதந்தது. மாணவி அதைத் தூரிகையால் எடுத்துக் குப்பியில் இட்டு, "தொட்டிச் சேறு, நின்ற நீர்" என்று எழுதிவிட்டாள்.