.308-ல் செம்புக் குண்டு: 168 கிரெயினா, 130 கிரெயினா?

மேட்டுக்காட்டான்:

ஈயத்தை விட்டுச் செம்புக்கு வருகிறவர்களில் பலர் பழைய எடையையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள். நான் .308 வின்செஸ்டர் என்கிற வேட்டைத் துப்பாக்கித் தோட்டாவில் ரொம்ப நாள் 165 கிரெயின் (கிரெயின் என்பது குண்டின் எடை அளவு) ஈயக் குண்டு போட்டவன். செம்பிலும் 168-ஐத்தான் முதலில் எடுத்தேன், அப்புறம் 130 பக்கம் வந்தேன். இரண்டும் பார்ன்ஸ் நிறுவனத்தின் டிடிஎஸ்எக்ஸ் வகைச் செம்புக் குண்டுகள் என்பதால் ஒப்பிட வசதி.

காற்றை எவ்வளவு நன்றாக வெட்டிக்கொண்டு போகும் என்று சொல்கிற பி.சி. எண் 168-க்கு 0.470, 130-க்கு 0.350. இதை மட்டும் பார்த்தால் 130-ஐ யாரும் தொடமாட்டார்கள். ஆனால் குழலை விட்டுக் கிளம்பும்போது 168-ன் வேகம் வினாடிக்குச் சுமார் 2,680 அடி, 130-க்குச் சுமார் 3,125. 300 கஜத்தில் 168 ஏறக்குறைய 2,140-க்கு இறங்கிவிடும், 130 இன்னும் 2,350-ல் இருக்கும். 400-ல் 1,970-ம் 2,120-ம். 500 கஜம் போனாலும் லேசான குண்டுதான் வேகத்தில் முன்னால் நிற்கிறது. 200 கஜத்துக்கு ஜீரோ செய்த, அதாவது அந்தத் தூரத்தில் குறியும் குண்டும் ஒன்றாகப் படும்படி சரிசெய்த ஸ்கோப்பில், 300-ல் 168 எட்டு அங்குலத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக இறங்கும், 130 ஆறு அங்குலத்தை ஒட்டி. மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்றில் 130, 168-ஐவிட அரை அங்குலத்துக்குச் சற்று கூடுதலாகத் தள்ளப்படும், அவ்வளவுதான். 300-ல் ஆற்றல் கணக்கில் 168 நூறு அடி-பவுண்டு போல முந்துகிறது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

ஏனென்றால் செம்பில் எல்லாமே படும்போது இருக்கிற வேகத்தைப் பொறுத்தது. ஈயம் மிருதுவானது, வேகம் குறைந்தாலும் ஓரளவு நசுங்கி விரியும். செம்பு அப்படி இல்லை. மூக்கில் உள்ள குழிக்குள் ஈரத் தசையின் அழுத்தம் புகுந்து சுவரை வெளியே தள்ளினால்தான் இதழ்கள் பிரியும். பெரும்பாலான செம்புக் குண்டுகளுக்கு அந்த எல்லை வினாடிக்கு 1,800 முதல் 2,000 அடி வரை. அதற்குக் கீழே போனால் பென்சில் நுழைந்த மாதிரி ஒரு ஓட்டை போட்டுவிட்டு மறுபக்கம் போய்விடும்.

130 பெரும்பாலும் ஊடுருவி வெளியே போய்விடும், கையில் கிடைப்பது அபூர்வம். ஒரு காட்டுப்பன்றி நேர் எதிரே நின்றபோது சுட்டது, உடல் நீளம் முழுக்கப் போய்ப் பின்தொடைத் தோலுக்கு அடியில் நின்றிருந்தது. நான்கு இதழும் பின்னால் மடங்கி, அடிப்பகுதியில் ரைஃபிளிங் (குண்டைச் சுழற்றக் குழலுக்குள் வெட்டியிருக்கும் சுருள் வரிகள்) பதித்த கோடுகள் கத்தியால் கீறியது போல் தெளிவாக இருந்தன. தராசில் வைத்தால் ஒன்றிரண்டு கிரெயின்தான் குறைவு. சாதாரண ஈயக் குண்டு இப்படி ஒரு பயணத்தில் மூன்றில் ஒரு பங்கை வழியிலேயே உதிர்த்துவிடும்.

பனிமூட்டம்:

அண்ணே, எடையைக் குறைக்க இன்னொரு காரணமும் உண்டு. ஈயத்தின் அடர்த்தி 11.34, செம்பு 8.96. அதே எடை வேண்டுமென்றால் செம்பை நீளமாகத்தான் செய்தாக வேண்டும். நீளம் கூடினால் அதை நிலையாக வைக்க வேகமான ட்விஸ்ட், அதாவது குழல் குண்டைச் சுழற்றும் வீதம், வேண்டும், நீளத்தைத்தான் பார்க்க வேண்டும், எடையை அல்ல. என்னுடையது 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுழற்றும் பழைய குழல். 168-ஐப் போட்டால் வெயிலில் குண்டுகள் பரவாயில்லாமல் நெருங்கி விழும். குளிர்ந்த காலையில் காற்று அடர்த்தியாகி, குண்டு தள்ளாடி, தாளில் ஓட்டைகள் லேசாக முட்டை வடிவத்தில் விழ ஆரம்பிக்கும். 130-க்கு மாறியதும் அதே குழலில் எல்லாம் வட்டமான ஓட்டைகள். 10-க்கு ஒன்று வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

குட்டைக்குழல்:

பெட்டியில் போட்டிருக்கிற வேகம் பெரும்பாலும் 24 அங்குலக் குழலில் அளந்தது. நான் வைத்திருப்பது 16. .308-ல் ஒரு அங்குலத்துக்கு 20, 25 அடி போகும் என்று வைத்தால், 168 கிட்டத்தட்ட 2,500-ல்தான் கிளம்புகிறது. நூறு கஜம் ஏற்கெனவே பறந்துவிட்ட குண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். விரியும் எல்லையை 2,000 என்று எடுத்தால் 300 கஜத்துக்கு முன்பே அது முடிந்துவிடும். அதற்கு மேல் நான் சுடுவதே இல்லை.

அப்புறம் ஒன்று. விட்டம் ஒன்றுதானே என்று .308-க்கான குண்டை .300 பிளாக்அவுட் என்கிற, வேகம் குறைந்த சிறிய தோட்டாவில் ஏற்றுகிறார்கள். அந்த வேகத்தில் அது விரியாது. அதற்கென்றே குறைந்த வேகத்தில் திறக்கும்படி செய்த 110 கிரெயின் டாக்-டிஎக்ஸ் என்ற பார்ன்ஸ் குண்டு இருக்கிறது.

தூரிகை:

பழைய பார்ன்ஸ் எக்ஸ், அதாவது 1989-ல் வந்தது, உடம்பில் பள்ளமே இல்லாத வழவழப்பான செம்பு. குழலில் படிந்த செம்பை எடுக்க அமோனியாக் கரைசல் விட்டால் துணி நீலமாக வந்துகொண்டே இருக்கும், தீராது. 2003-ல் அதற்கு அடுத்ததாக டிஎஸ்எக்ஸ் வந்தபோது குண்டின் உடம்பைச் சுற்றிப் பள்ளங்கள் வெட்டினார்கள். உராய்வும் அழுத்தமும் குறைந்தன. செம்பு என்றால் குழலைக் கெடுக்கும் என்ற பேச்சில் பாதி அந்தக் காலத்தின் மிச்சம். நீங்களே தோட்டா ஏற்றுபவராக இருந்தால் குண்டை ரைஃபிளிங்கிலிருந்து 0.050 அங்குலம் தள்ளி வைத்துத் தொடங்குங்கள். ஈயக் குண்டுக்குச் செய்வதுபோல் ஒட்ட வைத்தால் பெரும்பாலும் பரவலாக விழும்.

மேட்டுக்காட்டான்:

தூரிகை சொன்ன 0.050-ல் தொடங்கித்தான் எனக்கும் ஓட்டைகள் நெருங்கின.

செம்பில் சுட்டால் மான் உடனே விழுமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். நெஞ்சுக்கூட்டின் நடுவில் விட்டால் செம்பு விலா எலும்பு இரண்டை உடைத்துக்கொண்டு போகும், மான் கொஞ்ச தூரம் ஓடித்தான் விழும். அந்த இடத்தில் சிதறுகிற ஈயக் குண்டு சீக்கிரம் சாய்க்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இறைச்சியில் காயத்திலிருந்து சாண் தூரம் தள்ளிக்கூட ஈயத் துகள் எக்ஸ்ரேயில் தெரியும், கழித்துப்போட்ட குடலைத் தின்கிற கழுகுகளுக்கும் அதுதான் எமன். கலிஃபோர்னியா 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயத்தையே தடைசெய்ததற்குக் கான்டார் கழுகுகள் ஒரு முக்கியக் காரணம். செம்பில் நான் தோள்மூட்டைப் பார்த்துச் சுடுகிறேன். எலும்பு எதிர்ப்புக் கொடுத்தால் இதழும் நன்றாக விரிகிறது, மானும் நின்ற இடத்திலேயே படுக்கிறது. தோள் இறைச்சி கொஞ்சம் போகும், பரவாயில்லை.

குட்டைக்குழல் சார், உங்கள் 16 அங்குலத்தில் 130-ஐப் போட்டுப் பாருங்கள். என் கணக்குப்படி 2,900-க்குப் பக்கத்தில் கிளம்பும். 2,000 என்ற எல்லை 350 கஜத்தைத் தாண்டிப் போய்விடும்.