‘நிகழ்தகு பகா எண்’ வேண்டாம், ‘தேறெண்’ எனலாமா?

காரைக்குடியிலிருந்து:

அன்பர்களுக்கு வணக்கம். நம் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கான எண்ணியல் கையேட்டில் ‘ப்ராபபிள் பிரைம்’ வருகிறது. ‘நிகழ்தகு பகா எண்’ என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டேன். ஓர் எண் பகா எண்ணாக இருக்கும், இல்லையேல் பகு எண்ணாக இருக்கும். நடுவில் நிகழ்தகவுக்கு இடமே இல்லை. அந்த எண் ஃபெர்மா சோதனையில் தேறிவிட்டது, பகா எண் என்று இன்னும் நிறுவப்படவில்லை என்பதுதான் சொல்ல வேண்டிய செய்தி. (‘அடிமானம்’ என்று ஓர் எண்ணை எடுத்து, சோதிக்கும் எண்ணில் 1 குறைத்த அடுக்குக்கு உயர்த்தி, சோதிக்கும் எண்ணால் வகுக்கும்போது மீதி 1 வந்தால் தேறியது; அதுதான் அந்தச் சோதனை.) ஆகவே ‘தேறெண்’. வினைத்தொகை என்பதால் தேறிய, தேறுகின்ற, தேறும் எண் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

திருப்பத்தூரிலிருந்து:

ஆச்சி, நிகழ்தகவை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியுமா? ஃபெர்மா சோதனையைக் கடுமையாக்கிய மில்லர்–ராபின் சோதனையில் எந்த ஒற்றைப்படைப் பகு எண்ணும் கால் பங்குக்கு மேற்பட்ட அடிமானங்களில் தேறாது. கழுத்துரு எனும் தாலியணியின் பொன்னை உரைகல்லில் மாற்றுப் பார்ப்பது போன்ற சோதனைதானே இது? ‘உரையெண்’ என்றும் வைக்கலாம்.

தேவகோட்டையிலிருந்து:

அண்ணே, அந்தக் கால் பங்குக் கணக்கு, அடிமானத்தைக் குருட்டாம்போக்கில் எடுப்பதைப் பற்றியது, எண்ணைப் பற்றியதன்று. ‘உரை’ என்றால் பிள்ளைகளுக்குப் பேச்சும் விளக்கவுரையும்தான் நினைவுக்கு வரும். என் வாக்கு தேறெண்ணுக்கே. ஆனால் அடிமானத்தைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்தச் சொல் பாதிதான்.

341-ஐப் பாருங்கள். 2-இன் 10ஆம் அடுக்கு 1024. அது 341-இன் மும்மடங்கைவிட 1 கூட. அதனால் 340ஆம் அடுக்கிலும் மீதி 1 வருகிறது, சோதனையில் தேறிவிடுகிறது. ஆனால் 341 = 11 × 31. அடிமானத்தை 3 ஆக்கினால் மீதி 56, குட்டு வெளிப்பட்டுவிடும்.

2-இன் ஓர் அடுக்கில் 1 குறைத்தால் வரும் மெர்சென் எண்களில் இன்னும் மோசம். அடுக்கு பகா எண்ணாக இருந்தால், அடிமானம் 2-இல் அவை அத்தனையும் தேறும். 2-இன் 11ஆம் அடுக்கில் 1 குறைத்தால் 2047, அதாவது 23 × 89. 2048-ஐ 2047-ஆல் வகுத்தால் மீதி 1. சோதனை அடுக்கான 2046 என்பது 11 × 186. தேறாமல் எப்படி இருக்கும்? அதனால்தான் அங்கே 3-ஐ எடுக்கிறார்கள்.

2-இன் 136279841ஆம் அடுக்கில் 1 குறைத்தால் வரும் 4,10,24,320 இலக்க எண்ணை எடுத்துக்கொள்வோம். 2024 அக்டோபர் 11-இல் டப்ளினிலுள்ள ஒரு கிராஃபிக்ஸ் செயலி அதைத் தேறெண் என்று காட்டியது. மறுநாள் மெர்சென் எண்களுக்கே உரிய லூக்கா–லேமர் சோதனை அதைப் பகா எண் என்றே நிறுவியது: 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2 கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதி எடுக்க வேண்டும். இப்படி 13,62,79,839 முறை செய்தபின் மீதி 0. அக்டோபர் 11-க்கு ஒரு சொல், 12-க்கு வேறொரு சொல் நமக்குக் கட்டாயம் வேண்டும்.

காரைக்குடியிலிருந்து:

அடிமானத்தைச் சேர்த்துவிடுகிறேன். ‘சூடோபிரைம்’ என்பதற்குப் ‘போலித் தேறெண்’ என ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். அது பொருந்தாது, 341 தேறியது மெய், பகா எண்ணாகத் தோன்றுவதுதான் போலி. எனவே கையேட்டில்: “341, அடிமானம் 2-க்குத் தேறெண், பகு எண்ணாக இருப்பதால் அதே அடிமானத்துக்குப் போலிப் பகா எண்.”