ஒரே வயல், ஒரே உப்பு: குழியடிச்சான் வேர் மட்டும் எப்படித் தாங்குகிறது?

கடைமடைக்காரன்:
வேதாரண்யம் பக்கம், கடலுக்குக் கிட்டத்தில் நிலம். போன சம்பாவில் பாதி வயலில் வழக்கமான ரகம், பாதியில் உப்பு தாங்கும் பாரம்பரிய நெல்லான குழியடிச்சான் விதைத்தேன். முளைத்த இருபதாம் நாளே முதல் பாதியில் இலை நுனி வெளுத்துக் கருகிவிட்டது, குழியடிச்சான் கொஞ்சம் மங்கியதோடு சரி. அந்த வேர் உப்பை உள்ளேயே விடுவதில்லையா, இல்லை குடித்துவிட்டுச் சமாளிக்கிறதா? ஜிப்சம் போடு என்கிறார்கள், போடலாமா?

வேர்ப்பித்து:
அண்ணே, குழியடிச்சானை எவ்வளவு ஆராய்ந்திருக்கிறார்களோ தெரியாது, நான் படித்தது உப்பு தாங்கும் கேரளத்துப் பொக்காளி நெல்லைப் பற்றித்தான். வேருக்குள் நடுக்குழாயைச் சுற்றி ஒரு செல் வளையம் இருக்கிறது, செல்லுக்குச் செல் இடையே தண்ணீர் நழுவாதபடி மெழுகு மாதிரிப் பூச்சு வைத்து அடைத்திருக்கும். நெல்லில் இந்த அடைப்பு முழுசாக இருக்காது, அந்த இடைவெளி வழியே உப்பு புகுந்துவிடும். பொக்காளி வேரில் அந்தப் பூச்சான சூபரின், உப்பு தாங்காத ஐ.ஆர். 20 ரகத்தை விட அதிகம், அதனால் புகும் உப்பு குறைவு.

அதையும் மீறி ஏறுவதற்கு இன்னொரு காவல் உண்டு. மேலே போகும் சாற்றிலிருந்து சோடியத்தைத் திரும்ப இழுத்து வேரிலேயே நிறுத்தும் ஒரு புரதம். வங்கத்து நோனா பொக்ரா நெல்லில் அதற்கான மரபணுவை 2005-இல் கண்டுபிடித்தார்கள். ஆக இரண்டும்தான்: முடிந்தவரை தடுக்கும், தப்பி வந்ததை இலைக்கு அனுப்பாமல் பிடித்துவைக்கும். உங்கள் வயலில் வழக்கமான ரகத்தில் கருகியது இலை என்பதைப் பாருங்கள், உப்பு அதுவரை ஏறிவிட்டது.

உவர்நிலம்:
தம்பி, ஜிப்சம் வாங்கும் முன் மண் பரிசோதனையைப் பாருங்கள். உவர் வேறு, களர் வேறு. ஜிப்சம் களருக்கு, அதாவது சோடியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு பி.எச். 8.5 தாண்டிய நிலத்துக்கு. வெறும் உவருக்கு, அதாவது கரைந்த உப்பு மிகுந்த நிலத்துக்கு, அதைப் போட்டால் ஏற்கெனவே இருக்கும் உப்போடு இன்னும் கொஞ்சம் சேரும், அவ்வளவுதான்.

கடைமடைக்காரன்:
பரிசோதனை அட்டையில் பி.எச். 7.8, கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் 2.1 என்று இருக்கிறது ஐயா.

உவர்நிலம்:
அப்படியானால் களர் இல்லை, உவர்தான், ஜிப்சம் வேண்டாம். மழை நேரத்தில் நல்ல தண்ணீரைத் தேக்கி வடிகாலில் இறக்கிவிடுங்கள், வடிகால் இல்லாமல் தேக்கினால் உப்பு எங்கும் போகாது. நடவாக இருந்தால் 25-30 நாள் நாற்றாக நடுங்கள், நெல்லுக்கு இளம்பயிரும் பூக்கும் பருவமும்தான் உப்புக்கு ரொம்ப மென்மையான காலம். அப்புறம் வயல் காய்ந்து வெடிக்க விடாதீர்கள், ஈரம் வற்ற வற்ற வேரைச் சுற்றி உப்பு கெட்டியாகும், எந்த ரகமும் அதற்கு மேல் தாங்காது.

கடைமடைக்காரன்:
வடிகால் தூர்ந்துதான் கிடக்கிறது. மழைக்கு முன்னே அதை வெட்டிவிடுகிறேன். மறுபாதிக்கும் குழியடிச்சான் விதை எடுத்து வைத்திருக்கிறேன்.