பாஸ்ட் பார்ட்டிசிப்பிள்: ஜெர்மன் பேசுவோருடன் எங்கள் அனுபவங்கள்

ஸ்டுட்கார்ட், மாலை வகுப்பு ஆசிரியை

ஜெர்மனைத் தாய்மொழியாகக் கொண்ட பெரியவர்களுக்கு மாலை வகுப்பில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது ஒழுங்கற்ற வினைகளின் பட்டியலைத்தான். பள்ளி நாள்களில் மூல வடிவம், எளிய இறந்தகாலம் (சிம்பிள் பாஸ்ட்), 'ஹேவ்' போன்ற துணைவினையோடு சேரும் பாஸ்ட் பார்ட்டிசிப்பிள் என்று மூன்று பத்திகளாக ஒப்பித்த அதையே மீண்டும் ஒருமுறை ஒப்பித்துவிட்டால் எல்லாம் கைவந்துவிடும் என்று அவர்கள் உறுதியாக நம்புகிறார்கள். உண்மையில் வடிவங்கள் அவர்களை அதிகம் வருத்துவதில்லை. இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள் ஆதலால் 'டிரிங்க், டிரேங்க், டிரங்க்' என்ற வரிசைக்கு 'ட்ரிங்கன், ட்ராங்க், கெட்ருங்கன்' என்ற வரிசை ஏற்கெனவே அவர்கள் நாவில் இருக்கிறது. 'கெ' என்னும் முன்னொட்டு ஆங்கிலத்தில் இல்லை. பழைய ஆங்கிலத்தில் அதுவும் இருந்து, பின்னர் தேய்ந்து மறைந்தது. இந்த ஒற்றுமையை நம்பி 'ஹெல்ப்' என்பதற்கும் 'கெஹோல்ஃபன்' என்ற ஜெர்மன் பார்ட்டிசிப்பிளைப் போல ஒரு வடிவத்தைத் தேடுவோர் உண்டு என்றாலும், 'ஹெல்ப்ட்' என்று இரண்டொரு முறை சொல்லித் திருத்தினால் அது நின்றுவிடுகிறது.

திருத்த முடியாமல் நீடிப்பது காலம் பற்றிய குழப்பம். தென் ஜெர்மனியின் பேச்சு வழக்கில் எளிய இறந்தகால வடிவம், 'வார்' (ஆங்கில 'வாஸ்') போன்ற சில வினைகளைத் தவிர, ஏறத்தாழ வழக்கொழிந்துவிட்டது. நேற்று நடந்ததையும் பத்தாண்டுகளுக்கு முன் நடந்ததையும் பெரும்பாலும் 'ஹாபன்' (ஆங்கில 'ஹேவ்') என்ற துணைவினையோடு பார்ட்டிசிப்பிளைச் சேர்த்தே சொல்கிறார்கள். அந்தப் பழக்கத்தில் 'ஐ சா ஹிம் எஸ்டர்டே' என்பதற்குப் பதிலாக 'ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே' என்ற பிழையான வாக்கியம் மிக இயல்பாக வந்து விழுகிறது. பள்ளிகளில் இதற்கு மருந்தாக 'சிக்னால்வோர்ட்டர்' என்ற குறிப்புச் சொற்பட்டியலைக் கொடுக்கிறார்கள். 'எஸ்டர்டே' வந்தால் சிம்பிள் பாஸ்ட், 'எவர்', 'ஆல்ரெடி' வந்தால் 'ஹேவ்' சேர்ந்த பிரசன்ட் பெர்ஃபெக்ட் என்று. கோடிட்ட இடத்தை நிரப்புவதற்கு அது போதும். ஆனால் உரையாடலில் அந்தச் சொற்கள் பாதி நேரம் வருவதே இல்லை என்பதால், அதை மட்டும் நம்பிப் பேசுகிறவர் நட்டாற்றில் நிற்க நேர்கிறது.

எனக்குப் பலன் தந்த பயிற்சி ஒன்றுதான். இருவர் இருவராக அமரவைத்து, 'ஹேவ் யூ எவர் பீன் டு ஹாம்பர்க்?' என்று ஒருவரைக் கேட்கச் சொல்கிறேன். ஆம் என்ற பதில் வந்தவுடன் எப்போது, யாருடன், எங்கே தங்கினீர்கள் என்ற கேள்விகளெல்லாம் 'டிட்' கொண்டே தொடங்க வேண்டும். அனுபவம் உண்டா என்று கேட்கும் வரை பெர்ஃபெக்ட்டும், விவரத்துக்குள் இறங்கியதும் சிம்பிள் பாஸ்ட்டும் என்ற அந்த மாற்றத்தை வாய் பழகிக்கொள்வதற்கு எந்த அட்டவணையும் ஈடாகாது.

டோர்ட்மண்ட், பத்தாம் வகுப்பு மாணவியின் தந்தை

ஸ்டுட்கார்ட் ஆசிரியை வினையின் காலத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டில் சிக்கல் சொல் வரிசையில் இருந்தது. ஜெர்மனில் பார்ட்டிசிப்பிள் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகளுக்கு ஜெர்மன்தான் முதல் மொழி போலாகிவிட்டதால், தன் சைக்கிளைத் தானே பழுதுபார்த்ததை 'ஐ ஹேவ் மை பைக் ரிப்பேர்டு' என்று எழுதினாள். இலக்கணப்படி அதில் பிழையே இல்லை என்பதுதான் வேடிக்கை, பொருள்தான் தலைகீழாகிவிட்டது. வேறொருவரைக் கொண்டு பழுதுபார்க்கச் செய்வதையே அந்த வாக்கியம் குறிக்கிறது. கையெல்லாம் கறை படிய உழைத்தவளுக்கு அந்தப் பெருமை கடைக்காரருக்குப் போனதில் மிகுந்த கோபம்.

அதன் பிறகு துண்டுக் காகிதங்களில் சொற்களை எழுதினோம். 'ஹேவ்' என்பதையும் 'ரிப்பேர்டு' என்பதையும் ஒரே துண்டில் எழுதிவிட்டு, செயப்படுபொருளை மட்டும் தனித் துண்டாக வைத்துப் பின்னால் சேர்க்கச் செய்தேன். 'ஆல்ரெடி', 'நெவர்' போன்ற சிறு சொற்கள் மட்டுமே இடையில் நுழையலாம். வேறொருவர் செய்துகொடுத்த வேலையைச் சொல்லும்போது அந்தத் துண்டை வெட்டிப் பிரித்து, நடுவில் செயப்படுபொருளை வைக்க வேண்டும். இரு வாக்கியங்களையும் மேசைமேல் அருகருகே வைத்துப் பார்த்ததில்தான் வேறுபாடு அவளுக்கு விளங்கியது.

வியன்னா, அலுவலகப் பணியாளர்

வேலை விண்ணப்பங்களைத் தொடக்க நிலையில் படித்துப் பார்ப்பது என் பணிகளில் ஒன்று. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட தன்விவரக் குறிப்புகளில் நான் அடிக்கடி காணும் தொடர் 'ஐ ஆம் பார்ன் இன் 1985' என்பது. ஜெர்மனில் 'இஷ் பின் 1985 கெபோரன்' என்பது முற்றிலும் சரி. ஆங்கிலத்திலோ 'வாஸ்' வந்தாக வேண்டும். போதல், வருதல், தங்குதல், நிகழ்தல் ஆகிய வினைகளுக்கு ஜெர்மன் 'ஹாபனுக்கு'ப் பதிலாக 'ஸைன்' (ஆங்கில 'பி'; மேலே வந்த 'பின்' இதன் வடிவம்) என்ற துணைவினையை எடுக்கிறது. ஆஸ்திரியாவில் உட்காருதல், நிற்றல், படுத்திருத்தல் ஆகியவற்றுக்கும் அதுவே வழக்கு என்பதால் இங்குள்ளவர்களுக்குச் சுமை சற்றுக் கூடுதல்.

என்னிடம் உதவி கேட்கும் இளைய சக ஊழியர்களுக்கு, 'ஸைன்' எடுக்கும் வினைகளை மட்டும் தனியாகத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் 'ஹேவ்' வைத்துத் தம் அலுவலக வேலையைப் பற்றியே வாக்கியம் எழுதும்படி சொல்கிறேன். 'தி பார்சல் ஹேஸ் அரைவ்டு', 'ஷி ஹேஸ் கான் டு கிராட்ஸ்' என்ற அளவில் இருந்தால் போதும். 'ஷி இஸ் கான்' என்ற தொடரைக் கண்டவுடன் சிவப்பு மையால் அடித்துவிட வேண்டாம் என்றும் அவர்களிடம் சொல்வதுண்டு. அவர் இப்போது இங்கே இல்லை என்ற நிலையைச் சொல்ல ஆங்கிலத்தில் அதுவும் சரியான தொடரே. எங்கே போனார் என்று இடத்தையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் 'ஹேஸ்' தேவைப்படுகிறது.