3060 கார்டுக்கு 1440பி மொனிட்டர் சரிவருமா?

அண்ணாமார், தம்பிமார், வணக்கம். நான் மட்டக்களப்பு, கல்லடிப் பக்கம். என்னட்ட இப்ப இருக்கிறது 24 இஞ்சி 1080பி மொனிட்டர், 75 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 75 தரம் படம் மாறும்). கிராபிக்ஸ் கார்ட் (கேம் படத்தை வரையிற பாகம்) ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி. 27 இஞ்சி 1440பி, 144 ஹேர்ட்ஸ் ஒண்டு வாங்க யோசிக்கிறன்.

பயம் என்னெண்டா கார்ட் தாங்குமா எண்டதுதான். 1080பில ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல் (திரையில உள்ள புள்ளி), 1440பில 36.9 லட்சம். ஒவ்வொரு பிரேமுக்கும் (திரையில வாற ஒவ்வொரு படத்துக்கும்) 1.8 மடங்கு பிக்சல் வரைய வேணும். வலொரன்ட் கேமுக்கு இது பெரிய விசயமில்ல. ஆனா எனக்கு உயிர் சைபர்பங்க் 2077. அதை இப்பவே செட்டிங்சைக் குறைச்சுத்தான் விளையாடுறன். டிஎல்எஸ்எஸ் (சின்னப் படமா வரைஞ்சு ஏஐயால பெருப்பிக்கிற வசதி) போடலாம், 1440பில குவாலிட்டி மோட் எண்டா உள்ளுக்க 960பில வரைஞ்சுதான் பெருப்பிக்கும். அந்தப் படம் என்ட இப்பத்தைய 1080பிய விடத் தெளிவா இருக்குமா? கண்ணால பாத்தவங்க சொன்னா நம்புவன்.

4கே வேணாம், அது 1080பிய விட நாலு மடங்கு. 27 இஞ்சில 1080பியும் வேணாம், இஞ்சிக்கு 82 பிக்சல்தான் வரும், இப்ப இருக்கிறதே 92. 1440பில 109 வரும். தமிழ் எழுத்தில சுழியெல்லாம் வடிவாத் தெரியும், படிக்கிற வேலையும் இதிலதான் செய்யிறன்.

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் 3060ஓட 1440பி பாவிக்கிற ஆராவது இருந்தா, ஒருக்கா வந்து பாக்கலாமா? கொழும்பில இருந்து எடுப்பிச்சவங்க, டெட் பிக்சல் (வேலை செய்யாத புள்ளி) வந்தா கடைக்காரர் மாத்தித் தந்தவங்களா எண்டும் சொல்லுங்க. இல்லாட்டி முதல்ல கார்டைத்தான் மாத்த வேணுமா?