சிவப்புக் கோடு

குழு: அப்பாரு வீட்டுச் சொந்தங்கள்
சனிக்கிழமை

நான் (இரவு 7:12): பாப்பாவுக்குத் திங்கட்கிழமை உலக மேப் டெஸ்ட். கண்டம், கடல், நாடு எல்லாம் குறிக்கணுமாம். போனில் மேப்பைத் திறந்து கொடுத்தால், பெரிதாக்கிப் பெரிதாக்கி நம்ம மாட்டுக் கொட்டகையில் வந்து நிற்கிறாள். யார் வீட்டிலாவது பழைய அட்லஸ் இருக்குதுங்களா?

கோபி சித்தி: எங்க வீட்டில் ஒண்ணு இருந்தது கண்ணு. போன பொங்கலுக்குப் பரண் சுத்தம் பண்ணும்போது எடைக்குப் போட்டாச்சு.

கோபி சித்தி: அப்புறம், நாளைக்குச் சீர்த்தட்டு தூக்க யார் யார் வர்றீங்க?

உடுமலை பெரியப்பா: அம்மிணி, அட்லஸ் கிடைக்கும்போது கிடைக்கட்டும். கடையில் உலக அவுட்லைன் மேப் பத்துத் தாள் வாங்கிப்போடு. போன் மேப் வழி தேட நல்லது. மனசில் நிற்கணும்னா பேர் போடாத தாளில் அவளே எழுதணும்.

நான்: வாங்கியாச்சுங்க. எங்கே ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியலை. 190 நாட்டுக்கு மேல் இருக்குது.

உடுமலை பெரியப்பா: நம்ம ஊரில் ஆரம்பி. கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு எல்லாமே 11 டிகிரி வடக்கு அட்சக்கோட்டை ஒட்டித்தான் இருக்குது. அந்தக் கோட்டைச் சிவப்புப் பேனாவில் உலகம் முழுக்க இழுக்கச் சொல்லு. விரலை வைத்து மேற்கே போனால் லட்சத்தீவு, அரபிக்கடல், சோமாலியா, எத்தியோப்பியா, சாட், நைஜீரியா, கினி. அட்லாண்டிக்கைத் தாண்டினால் வெனிசுலா, கொலம்பியா. பிறகு நிகரகுவாவும் கோஸ்டாரிகாவும் எல்லை சேருகிற இடம். பசிபிக் முடிந்ததும் பிலிப்பைன்ஸ், வியட்நாம், கம்போடியா, அந்தமான். மறுபடி நம்ம வாசல். இருபது நாடு உட்கார்ந்த இடத்திலேயே வந்துரும்.

நான் (இரவு 8:05): (படம்) இழுத்துட்டா. கோடு தாளைத் தாண்டி மேசை விரிப்பிலும் போயிருச்சு.

திருப்பூர் தம்பி: அக்கா, எங்க பனியன் பெட்டி போற வழியையும் போடச் சொல்லு. தூத்துக்குடியில் ஏறி, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறும். அங்கிருந்து அரபிக்கடல், பாப் எல் மண்டப் ஜலசந்தி, செங்கடல். அப்புறம் சூயஸ் கால்வாய், 193 கி.மீ. மத்தியதரைக் கடலுக்குள் போய், ஜிப்ரால்டரில் வெளியே வந்து, நெதர்லாந்தில் இருக்கிற ரோட்டர்டாம் துறைமுகம்.

திருப்பூர் தம்பி: 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்ததும், ஆப்பிரிக்காவைச் சுற்றி நன்னம்பிக்கை முனை வழியாக விட்டார்கள். பத்து நாளுக்கு மேல் கூடுதல். சரக்கு வாங்குகிற பையர் காலையில் ஒரு போன், ராத்திரி ஒரு போன். ஆப்பிரிக்கா எத்தனை நீளம்னு அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது.

நான்: பாப்பா கேட்கிறாள்: மாமா, மேப்பில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்கா அளவு இருக்கே, அதைச் சுற்றவும் இத்தனை நாள் ஆகுமா?

உடுமலை பெரியப்பா: அவள் பார்ப்பது மெர்காட்டர் மேப். 1569-ல் கப்பல்காரர்களுக்காகப் போட்ட முறை. திசை தப்பாது, ஆனால் துருவத்துப் பக்கம் போகப்போக நாடெல்லாம் ஊதிரும். ஆப்பிரிக்கா 3 கோடி சதுர கி.மீ., கிரீன்லாந்து 22 லட்சம்கூட இல்லை. கிட்டத்தட்ட 14 கிரீன்லாந்து உள்ளே அடங்கும். வீட்டில் கமலா ஆரஞ்சு இருந்தால் முழுத்தோலாக உரித்து, மேசையில் தட்டையாக அமுக்கிப் பார்க்கச் சொல்லு. உருண்டையைத் தாளாக்குவதில் என்ன பாடுன்னு தெரியும்.

நான்: நாலு பக்கமும் கிழிஞ்சிருச்சுங்க. தோல் எண்ணெய் தெறித்துத் தாளில் சிலி நாட்டையே காணோம்.

காங்கேயம் அண்ணன்: இப்பத்தான் பார்த்தேன். டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தின் பெர்ரி காஸ்டனெடா மேப் தொகுப்பு நெட்டில் இருக்குது, காசில்லாமல் இறக்கிக்கலாம். ஆனால் ஒண்ணு, வெளிநாட்டு மேப்பில் காஷ்மீர் எல்லை வேற மாதிரி இருக்கும். எங்க பையன் போன வருஷம் அப்படி ஒன்றைப் பிரிண்ட் எடுத்து ஒட்டிக் கொண்டுபோய் மார்க்கை விட்டுட்டு வந்தான். இந்திய மேப்புக்கு மட்டும் சர்வே ஆஃப் இந்தியா தளத்துக்குப் போ.

உடுமலை பெரியப்பா: சரி, பாப்பாவுக்கு ஒரு கேள்வி. மாமா பெட்டி ரோட்டர்டாம் போய்ச் சேர்வதற்குள் நம்ம சிவப்புக் கோட்டை எத்தனை தடவை தாண்டும்?

நான் (இரவு 9:20): இரண்டு தடவையாம். லாரி திருப்பூரிலிருந்து தெற்கே தாராபுரம் போய்ச் சேருவதற்குள் ஒரு தடவை, கப்பல் அரபிக்கடலில் வடக்கே ஏறும்போது ஒரு தடவை.

நான்: ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனாலும் இரண்டுதானாம். இரண்டாவது அட்லாண்டிக்கில், கினிக்கு அந்தப் பக்கம்.

திருப்பூர் தம்பி: அடேயப்பா! இதை நான் பார்த்ததே இல்லை.

கோபி சித்தி: சீர்த்தட்டுக்கு ஒருத்தரும் பதில் சொல்லலை.